ஃபுளோரிடாவில் மருத்துவக் கஞ்சா கார்டு: வயது விதிகளும் விண்ணப்பிக்கும் முறையும்

வலிப்பு அடங்காத குழந்தை, கீமோவுக்குப் பிறகு ஒரு வாய் சோறு இறங்காத அப்பா, நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாத மாமியார் என்று வீட்டில் ஒருவர் இருக்கும்போதுதான் இந்தக் கார்டைப் பற்றிய பேச்சே வரும். ஃபுளோரிடா வாக்காளர்களில் 71 சதவீதம் பேர் 2016 நவம்பரில் ஆதரித்ததால் மருத்துவக் கஞ்சா அந்த மாநில அரசியல் சாசனத்திலேயே இடம்பெற்றது. பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கான திருத்தம் 2024இல் தேவையான 60 சதவீதத்தை எட்டாமல் தோற்றது. அங்கே வசிக்கும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

1. டாக்டரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் விசாவைப் பாருங்கள். மாநிலம் கொடுக்கும் கார்டு ஃபெடரல் அரசைக் கட்டுப்படுத்தாது. குடியேற்றத் துறை பார்ப்பது ஃபெடரல் சட்டத்தை மட்டும்தான். மாநில விதிப்படி ஒழுங்காக வாங்கியிருந்தாலும், குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தை நிபந்தனையை அது பாதிக்கலாம் என்று அந்தத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே அறிவித்திருக்கிறது. வெளிநாடு போய்த் திரும்பும்போது அதிகாரியிடம் ‘பயன்படுத்தினேன்’ என்று ஒப்புக்கொண்டால், வழக்கோ தண்டனையோ இல்லாமலேயே நுழைவை மறுக்க அதுவே காரணமாகலாம். மறைத்துப் பொய் சொல்வது அதைவிடப் பெரிய சிக்கல். எச்1பி, எச்4, எஃப்1, கிரீன் கார்டு என எதில் இருந்தாலும் முதல் செலவு குடியேற்ற வழக்கறிஞருக்கு இருக்கட்டும்.

2. கார்டே தேவைப்படாத மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். எபிடியோலெக்ஸ் என்ற திரவ மருந்து கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியோல். லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே என்ற கடுமையான வலிப்பு நோய்களுக்காக எஃப்.டி.ஏ. 2018இல் இதற்கு ஒப்புதல் தந்தது. பிறகு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயால் வரும் வலிப்பும் சேர்ந்தது. ஒரு வயது நிறைந்த குழந்தைக்கே கொடுக்கலாம். கீமோவால் வரும் குமட்டலுக்கு டிரோனபினால் மாத்திரை இருக்கிறது. இரண்டையும் மருந்துச்சீட்டுக் காட்டிச் சாதாரண ஃபார்மசியிலேயே வாங்கலாம். காப்பீடு கிடைக்கவும் வாய்ப்புண்டு. விசாவில் இருக்கும் பெற்றோர் முதலில் இந்த வழியைக் கேட்டுப் பார்ப்பதுதான் நல்லது.

3. எந்தெந்த நோய்க்குக் கார்டு உண்டு? புற்றுநோய், வலிப்பு, கிளாக்கோமா, எச்.ஐ.வி., எய்ட்ஸ், பி.டி.எஸ்.டி., ஏ.எல்.எஸ்., குரோன் நோய், பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகியவற்றைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இவற்றுக்கு நிகரானவை என்று டாக்டர் கருதும் நோய்களும், குணமாகாத இறுதிக்கட்ட நோய்களும் சேரும். பட்டியலிலுள்ள நோயால் வரும் தீராத வலியும் சேரும்.

4. 18 வயது நிறைந்தவர் தானே விண்ணப்பித்துத் தானே வாங்கலாம். மேல் வயதுக்கு வரம்பு இல்லை. மருத்துவக் கஞ்சாக் கடைக்குப் போக முடியாத முதியவர்களும் பராமரிப்பாளர் ஒருவரை நியமித்துக்கொள்ளலாம்.

5. 18க்குக் கீழ் என்றால் ஒரு டாக்டர் சொன்னால் போதாது. இரண்டாவது டாக்டர் ஒருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவருடைய சம்மதம் குழந்தையின் மருத்துவக் கோப்பில் பதிவாக வேண்டும். ஒப்புதல் படிவத்தில் பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் கையெழுத்திட வேண்டும். கார்டு குழந்தையின் பெயரில் வந்தாலும், வாங்குவதும் கொடுப்பதும் பராமரிப்பாளர் மட்டுமே. பதினேழு வயதுப் பையன் கார்டோடு தனியாகப் போனால் கடையில் எதுவும் தர மாட்டார்கள். புகைக்கும் வடிவத்துக்கு விதி இன்னும் கடுமை: இறுதிக்கட்ட நோய் இருக்க வேண்டும், புகைப்பதுதான் அந்தப் பிள்ளைக்குச் சிறந்த வழி என்று டாக்டர் தீர்மானிக்க வேண்டும், குழந்தை மருத்துவ நிபுணர் ஒருவரும் அதற்கு உடன்பட வேண்டும்.

6. பராமரிப்பாளர் யார் என்று நிதானமாக முடிவு செய்யுங்கள். 21 வயது நிறைந்தவராக, ஃபுளோரிடாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். சுகாதாரத் துறை நடத்தும் பயிற்சியை முடித்துத் தன் பெயரில் தனிக் கார்டும் வாங்க வேண்டும். கஞ்சா நிறுவனத்தில் வேலையோ பங்கோ இருக்கக் கூடாது. பொதுவாக ஒரு நோயாளிக்கு ஒருவர்தான். சிறார் என்றால் தாய், தந்தை இருவரும் பதிவு செய்துகொள்ளலாம். நெருங்கிய உறவினருக்குக் குற்றப் பின்னணிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் மட்டும்தான் அந்தக் கணக்கில் வருவார்கள். மாமாவும் சித்தியும் நமக்கு எவ்வளவு நெருக்கமானாலும் சோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

இங்கேதான் நம் குடும்பங்கள் ஏமாந்துவிடக் கூடாது. குழந்தை அங்கே பிறந்த அமெரிக்கக் குடிமகளாக இருக்கலாம். ஆனால் கடையில் பணம் கட்டி வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் எச்1பியில் இருக்கும் அப்பா என்றால், முதல் குறிப்பில் சொன்ன ஆபத்து அப்பாவுக்கு அப்படியே பொருந்தும். தனக்காக வாங்கவில்லை என்பது காப்பாற்றாது. 21 வயது தாண்டிய அமெரிக்கக் குடிமகனான அண்ணனோ அக்காவோ, குடியுரிமை பெற்ற பெரியப்பாவோ அருகில் இருந்தால் அவர்களைப் பராமரிப்பாளராக்க முடியுமா என்று யோசியுங்கள்.

7. எல்லா டாக்டரும் சான்று தர முடியாது. அதற்கான பயிற்சியும் தேர்வும் முடித்தவர்களின் பட்டியல், மாநிலச் சுகாதாரத் துறையின் மருத்துவக் கஞ்சா அலுவலகத் தளத்தில் இருக்கிறது. ஊரைக் கொடுத்துத் தேடுங்கள். முதல் பரிசோதனைக்கு நேரில்தான் போக வேண்டும். ‘வீடியோவில் பார்த்து உடனே கார்டு’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். அதே டாக்டர் அடுத்தடுத்த பரிசோதனைகளை வீடியோவில் செய்ய 2023 முதல் அனுமதி இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர்களையும் எடுத்துச் செல்லுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) குறைந்த வகைக்கு மட்டுமே டாக்டர் அப்போது சான்று தரலாம். டாக்டர் கட்டணம் உங்கள் கைக்காசு. இடத்துக்கு இடம் வேறுபடும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. டாக்டர் உங்களை மாநிலப் பதிவேட்டில் ஏற்றியதும் மின்னஞ்சல் வரும். அதை வைத்து உள்ளே நுழைந்து விண்ணப்பத்தை நிரப்புங்கள். பெயரும் பிறந்த தேதியும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். தகப்பன் பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்; டாக்டர் ஏற்றிய பெயர் ஒருவிதமாகவும் டிரைவிங் லைசென்ஸ் ஒருவிதமாகவும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஃபுளோரிடா லைசென்ஸோ அடையாள அட்டையோ வசிப்பிடச் சான்றாகப் போதும். அவை இல்லாமல், ஆண்டின் ஒரு பகுதி மட்டும் அங்கே தங்கும் வெளி மாநிலத்தவர் வாடகை ஒப்பந்தம், சமீபத்திய மின்கட்டண ரசீது போல இரண்டு ஆவணங்கள் தர வேண்டும். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழின் சான்றளித்த நகலோ பள்ளிப் பதிவோ தேவை. கூடவே பெற்றோரின் வசிப்பிடச் சான்றும் வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு 75 டாலர். ஒப்புதல் மின்னஞ்சல் வந்துவிட்டால் பிளாஸ்டிக் கார்டு தபாலில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆண்டில் தொடர்ந்து 31 நாள் அங்கே தங்கும் வெளி மாநிலத்தவருக்கும் கார்டு வாங்க வழி இருக்கிறது. அதை நம்பி, விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு முயல வேண்டாம். அவர்கள் அடுத்த முறை பேரப்பிள்ளையைப் பார்க்க வர முடியாமல் போகலாம்.

9. இரண்டு கெடு தேதிகளைக் காலண்டரில் தனித்தனியாகக் குறியுங்கள். கார்டுக்கு ஆயுள் ஓராண்டு. டாக்டர் சான்றுக்கோ அதிகபட்சம் 210 நாள். அதாவது 30 வாரத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை. கார்டில் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று கடைக்குப் போய், டாக்டர் சான்று காலாவதியானதால் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். கார்டைப் புதுப்பிக்க, முடிவதற்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள்.

10. கடையில் கார்டைக் கொடுத்ததும் ஊழியர் பதிவேட்டைத் திறந்து பார்ப்பார். வாய்வழி, நாக்கின் அடியில், தோலில் தடவுவது என்று டாக்டர் எந்த வழிக்கு எவ்வளவு அனுமதித்தார், அதில் எவ்வளவு மிச்சம் என்று திரையில் தெரியும். வாங்க வாங்க அது குறையும். புகைக்காத வகைகள் எல்லாம் சேர்ந்து 70 நாளுக்கு 24,500 மில்லிகிராம் டி.எச்.சி. என்பது பொது உச்சவரம்பு. உங்கள் அளவு டாக்டர் எழுதியதுதான். புகைக்கும் வகை 35 நாளுக்கு 2.5 அவுன்ஸ். வீட்டில் ஒரு செடி வளர்ப்பதும் குற்றம், கார்டு இருந்தாலும்.

11. பூட்டி வையுங்கள். தின்னும் வகையில் ஒரு துண்டில் 10 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது, மிட்டாய் மாதிரி பளிச்சென்ற நிறம் கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறது. ஆனாலும் அட்டையிலிருந்து பிரித்துத் தட்டில் வைத்தால், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கும் மூன்று வயதுப் பேத்திக்கும் அது இனிப்புதான். வந்த பெட்டியிலேயே, சாவி போட்ட டப்பாவில் இருக்கட்டும். தின்றது வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று இன்னொரு துண்டு எடுப்பதுதான் பெரியவர்களையும் எமர்ஜென்சிக்குக் கொண்டுபோய் விடுகிறது. குழந்தை தின்றுவிட்டால் விஷமுறிவு உதவி எண் 1-800-222-1222. தூங்கிக்கொண்டே இருந்தாலோ மூச்சு மந்தமானாலோ 911.

12. பள்ளிக்குப் பையில் கொடுத்தனுப்பாதீர்கள். நோயாளி மாணவருக்கு மருந்து கொடுக்க ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் நடைமுறை வகுத்திருக்க வேண்டும் என்பது ஃபுளோரிடாச் சட்டம். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

13. வேலையிடத்தில் போதைப்பொருள் சோதனை இருந்தால் கார்டைக் காட்டித் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். கமர்ஷியல் லைசென்ஸில் லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு ஃபெடரல் போக்குவரத்து விதி எந்த மாநிலக் கார்டையும் ஏற்பதில்லை. மருந்தின் மயக்கத்தில் சொந்தக் காரை ஓட்டினாலும் வழக்குதான்.

14. மாநில எல்லை தாண்டி எடுத்துச் செல்லக் கூடாது. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா ஃபெடரல் நிலம், அங்கும் கூடாது. மயாமியில் ஏறும் உல்லாசக் கப்பலிலும், எந்த விமானத்திலும் கூடாது. சென்னைக்குக் கிளம்பும்போது பெட்டியின் எல்லா அறைகளையும், போன பயணத்துக்குப் பிறகு திறக்காத சின்ன ஜிப்பையும்கூட, ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் முன் ஃபுளோரிடா கார்டு செல்லாது.