கன்றின் எடைக்கு முன் வயிற்றைக் கவனியுங்கள்

சிலமலை, போடி மலையடிவாரப் பக்கம் மலைமாடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "கன்னுக்குட்டி காலு மட்டும் நீளுது, சதை பிடிக்க மாட்டேங்குது." இதற்கு டானிக் வாங்கிப் பயனில்லை.

மாட்டுடம்பு வரிசைப்படிதான் வளரும். முதலில் மூளையும் நரம்பும், அடுத்து எலும்பு, பிறகு சதை, கடைசியில் கொழுப்பு. தீனி குறைந்தால் வரிசையில் பின்னால் இருப்பவைதான் முதலில் வாடும். அதனால்தான் தலையும் காலும் பெரிதாகி, தொடை வற்றிய கன்றுகளைப் பார்க்கிறோம். கருவிலும் எடையின் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. சினைமாட்டின் ஆறாம் மாதம் முடிந்ததும் தீனியைக் கூட்டுங்கள்.

அடுத்தது வயிறு. பிறந்த கன்றுக்கு நான்காம் வயிறுதான் பெரியது. அசைபோடும் பெருவயிறு சின்னப் பை போலக் கிடக்கும். வளர்ந்த மாட்டிலோ மொத்த வயிற்றில் 80 சதவீதம் அதுதான். இந்த மாற்றம் தானாக நடக்காது. குடிக்கும் பால் பெருவயிற்றைத் தொடாமல் நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். தானியம் பெருவயிற்றில் புளித்து உண்டாகும் அமிலங்கள்தான் அதன் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் மொட்டுகளை வளர்க்கின்றன. பசும்புல்லும் தட்டையும் அதை விரித்துப் பலப்படுத்துகின்றன.

கிடையில் பிசகுவது இங்கேதான். தாய்மாடு காலையில் மேய்ச்சலுக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்பும். அதுவரை பட்டியில் அடைபட்ட கன்று மண்ணை நக்குகிறது. பானை வயிறு விழுகிறது. அதைச் செழிப்பு என்று எண்ணாதீர்கள், அது குடற்புழுவின் அடையாளமாகவும் இருக்கலாம். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து பட்டியில் ஒரு கைப்பிடி உடைத்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் வையுங்கள். இளம்புல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். தாது உப்புக் கட்டியும் நல்ல தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். பால் குடிக்கிறதே என்று தண்ணீரை நிறுத்தக் கூடாது. பெருவயிற்றுக்குத் தண்ணீர் தனியாகப் போய்ச் சேர வேண்டும். குடற்புழு மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

புலிகள் காப்பகம், சரணாலயக் காடுகளில் மேய்ச்சலுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2022-ல் தடை விதித்த பிறகு கிடைக்காரர்களின் பாடு கடினமாகிவிட்டது. கோடையில் மாடு இளைப்பதைத் தவிர்ப்பதே சிரமம். ஆனால் இளைத்த மாட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள். பட்டினியில் ஈரலும் குடலும் சீக்கிரம் சுருங்கும், தீனி கிடைத்ததும் சீக்கிரமே திரும்ப வளரும். உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி இவற்றுக்கே போகிறது. சுருங்கிய நிலையில் செலவும் குறைவு என்பதால், மழைக்குப் பின் அந்த மாடு வேகமாகத் தேறும். முதல் சில வாரங்களில் கூடும் எடையில் பெரும்பகுதி வயிற்றுச் சரக்கும் உள்ளுறுப்பும்தான். சதை பிறகுதான் சேரும். அந்தச் சமயம் தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு செத்தே போகலாம். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

தராசு இல்லையென்றால் டேப் போதும். மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவு 48, நீளம் 44 என்றால் சுமார் 154 கிலோ. தீனி போடுமுன், காலை வெறும் வயிற்றில், மாதம் ஒருமுறை ஒரே ஆள் அளக்கட்டும்.