ஷிஃப்ட் வேலையும் சாமி நேரமும்

இந்த மாதப் படிப்பு வட்டப் பாடத்தை எழுதுவது என் முறை. கொடுத்த தலைப்பு ‘தொழிலும் அன்றாட வழக்கமும்’. நாயன்மார்களின் தொழில்களைப் பட்டியல் போட்டு, ஆளுக்கு ஒரு பத்தி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் நான் செய்த ஒரு தப்பு குறுக்கே வந்துவிட்டது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் குவீன்ஸ்டவுன் வட்டம் ஞாயிறு காலை 10 மணிக்குக் கூடும். வருகைக் குறிப்பேடு என் பொறுப்பு. வருடக் கடைசியில் கணக்கெடுத்தபோது ஓர் அண்ணன் பெயருக்கு நேராக ‘ஆர்வம் குறைவு’ என்று எழுதினேன். 11 கூட்டத்தில் 2க்குத்தான் வந்திருந்தார். வந்த அன்றும் பின்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தியானம் இல்லை, தூக்கம்.

பிறகு ஒருநாள் லேப் வேலைக்காகச் சீக்கிரமே கிளம்பினேன். காலை 6 மணி. காமன்வெல்த் எம்ஆர்டி பக்கத்துக் காப்பிக்கடையில் அதே அண்ணன், ஒளிரும் பட்டை போட்ட சட்டையோடு பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரயில் பாதைப் பராமரிப்பில் இரவு வேலையாம். எத்தனையோ மாதப் பழக்கம், எனக்கு அது தெரியவில்லை, கேட்டதும் இல்லை. “என்ன அண்ணே, வட்டத்துக்கு ஆளையே காணோம்?” என்றேன். சிரித்தார். “தம்பி, நீங்க கூப்பிடுற ஞாயித்துக்கிழம பத்து மணி எனக்கு நடுராத்திரிப்பா.”

அன்றே குறிப்பேட்டில் எழுதியதை அடித்துவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் மண்டைக்குள்ளேயே நின்றது.

ஏனென்றால், நம் வட்டாரக் கோவிலை ஆரம்பித்தவர்களே ரயில் வேலைக்காரர்கள்தான். காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோவில் 1998ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அதன் தொடக்கம் 1932ல், குவீன்ஸ்வே பக்கம், ரயில்வே ஊழியர்கள் எழுப்பிய ஒரு சின்ன வழிபாட்டிடம். அந்த வருடத்தைக் கவனியுங்கள். சிங்கப்பூரின் முதல் ரயில் பாதை 1903ல் டேங்க் ரோட்டிலிருந்து ஓடியது. 1932ல்தான் பாதையைத் திருப்பி, புக்கிட் தீமாவிலிருந்து இந்தப் பக்கமாகக் கொண்டுவந்து, தஞ்சோங் பகாரில் புது நிலையம் திறந்தார்கள். பாதை வந்த அதே வருடத்தில் சாமியும் வந்திருக்கிறார். குவீன்ஸ்டவுன் என்ற பெயரே அப்போது கிடையாது. அது 1953ல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டை ஒட்டி வைத்தது. தங்ளின் ஹால்ட் என்ற பெயர் மட்டும் இன்னும் ரயிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஹால்ட் என்றால் ரயில் சற்று நின்று போகும் சிறு நிறுத்தம்.

எங்கள் புளோக்கில் ஒரு தாத்தா இருக்கிறார். அவருடைய அப்பா அந்தப் பாதையில் ‘கேங்’ வேலை பார்த்தவர். கேங் என்றால் நாம் இப்போது சொல்லும் அர்த்தத்தில் இல்லை! பாதையின் ஒரு துண்டைப் பார்த்துக்கொள்ளும் குழு. தலைவர் ‘மண்டோர்’. விடியும்போதே ஒருவர் நீளச் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் துண்டு முழுவதும் நடந்து போவார். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஆணி தளர்ந்திருக்கிறதா, இரண்டு தண்டவாளம் சேரும் இடத்தில் போல்ட் ஆடுகிறதா என்று தட்டிப் பார்ப்பார். மற்றவர்கள் கட்டைக்கடியில் சரளைக்கல் இடித்து நிரப்புவார்கள். மழை பெய்தால் கல் இறங்கும். நம் ஊரில் மழை எப்போது பெய்யாமல் இருந்தது? ரயில் வரும் நேரம் மண்டோருக்கு மனப்பாடம். வந்ததும் கருவிகளோடு ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும், போனதும் மறுபடி இறங்க வேண்டும். “அப்பா கடிகாரம் பார்த்து நான் பார்த்ததே இல்ல. எல்லாம் வண்டி சத்தத்த வச்சுத்தான்,” என்றார் தாத்தா.

இன்னொரு வேலையும் சொல்ல வேண்டும். பொறியியல் படிக்கிறவனாக எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. அது ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிட்டால் என்ன ஆவது? அதற்காக ஒரு சாவி. இரண்டு நிலையங்களிலும் ஒன்றோடொன்று மின்கம்பியால் இணைத்த இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு சாவிதான் வெளியே எடுக்க முடியும். அது கையில் இருந்தால்தான் ஓட்டுநர் அந்தத் துண்டுக்குள் நுழையலாம். சாவியைக் கம்பி வளையத்தில் மாட்டி, மெதுவாக ஓடும் ரயிலில் இருப்பவரிடம் நிலைய ஊழியர் நீட்டுவார். அவர் பழைய சாவியைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்வார். புக்கிட் தீமா நிலையத்தில் இந்த வழக்கம் 2011 வரை இருந்தது. அந்த வருடம் ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். இப்போது அந்தத் தடம், நாம் ஓடப் போகும் 24 கிலோமீட்டர் ரயில் பசுமைப் பாதை. எங்கள் வகுப்பில் ‘இன்டர்லாக்’ என்று ஒரு பருவம் முழுக்கப் படித்ததை, ஒருவர் ராத்திரியும் பகலும் கம்பி வளையத்தில் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கண்ணசந்தால் சாவி கைமாறாது, வண்டி நகராது.

சரி, இன்றைக்கு வருவோம். அந்தப் பழைய பாதையில் தண்டவாளங்களுக்கு இடைவெளி 1000 மில்லிமீட்டர். எம்ஆர்டி பாதையில் 1435. குவீன்ஸ்டவுன் நிலையம் 1988 மார்ச்சில் திறந்தது. பாதை தரையிலிருந்து தூண்மேல் ஏறிவிட்டது, ஓரத்தில் 750 வோல்ட் மின்தண்டவாளம் வந்துவிட்டது. அதனால் பழைய கேங்காரர் மாதிரி பகலில் ஒதுங்கி நிற்பதற்கில்லை. ஓடும் நேரத்தில் பாதையில் யாருமே இறங்கக்கூடாது. கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில்தான் எல்லாம்.

அண்ணன் சொன்ன கணக்கை அப்படியே தருகிறேன். இரவு 10 மணிக்கு மேல் வேலைக்கு வர வேண்டும். முதலில் இன்றைக்கு எங்கே, என்ன வேலை, என்ன ஆபத்து என்று கூட்டம். கருவிகளை எண்ணி எழுத வேண்டும். கடைசி ரயில் போன பிறகு மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று உறுதி வரும். அதற்கு அப்புறமும் தாங்களே சோதித்துப் பார்த்து, காப்பு மாட்டி, அனுமதி வந்த பின்தான் பாதையில் கால் வைக்கலாம். அப்போதே மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். காலை 4 மணி வாக்கில் எல்லாவற்றையும் எடுத்து முடிக்க வேண்டும். உள்ளே போன கருவி அத்தனையும் வெளியே வந்ததா என்று மறுபடி எண்ண வேண்டும். ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் தேடாமல் வர முடியாது. ஆக ஒரு முழு ராத்திரி கண்விழித்துக் கிடைக்கும் உண்மையான வேலை நேரம் சுமார் மூன்று மணி.

வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு ரயில் பாதைகளில் 188,000க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளை எடுத்துவிட்டு கான்கிரீட் கட்டைகள் போட்ட வேலை 2016 டிசம்பரில் முடிந்தது. இப்படிப்பட்ட மூன்று மூன்று மணி நேரங்களைச் சேர்த்துத்தான். நாம் அதன்மேல் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டு போனோம். 2024 செப்டம்பர் 25 அன்று டோவருக்கும் கிளமெண்டிக்கும் இடையே ஒரு ரயிலின் அச்சுப்பெட்டி கழன்று விழுந்து 46 இடங்களில் தண்டவாளம் உடைந்தது ஞாபகம் இருக்கும். ஆறு நாள் நமக்கு பஸ் வரிசை. வகுப்புக்கு லேட் என்று நானும் சலித்துக்கொண்டேன். கீழே யார் வேலை செய்கிறார்கள், அவர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

மற்ற வேலைகளையும் விசாரித்தேன். பஸ் ஓட்டும் மாமா ஒருவர் அதிகாலை ஷிஃப்ட் வாரத்தில் இரவு 8 மணிக்கே படுத்துவிடுவார். அந்த வாரம் வீட்டில் டிவி சத்தமே கிடையாது. கோவில் குருக்கள்கூட ஷிஃப்ட்தான், நாம் கவனிப்பதில்லை: விடியுமுன் எழுந்து காலைப் பூஜை, மதியம் நடை சாத்துவது, சாயங்காலம் மறுபடி திறந்து இரவு வரை. நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் அவருடைய வீடு, குழந்தைகளின் ஹோம்வொர்க்.

தாதியாக இருக்கும் அக்கா ஒருவரிடம் அதிக நேரம் பேசினேன். காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிஃப்ட்டும் மாறி மாறி வரும். “நைட்டு முடிஞ்சதும் ‘ரிப்போர்ட் பாஸ்’ பண்ணணும். ஒவ்வொரு நோயாளிக்கும் ராத்திரி என்ன ஆச்சுன்னு அடுத்த ஷிஃப்ட்டுக்குச் சொல்லணும். ஒண்ணு விட்டுட்டாலும் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு ஞாபகம் வந்து போன் பண்ணுவேன்,” என்றார். அவர் வீட்டில் விளக்கேற்றுவது காலை 9 மணிக்கு, வேலையிலிருந்து வந்து குளித்த பிறகு. “அம்மா ஊர்லேர்ந்து கேப்பாங்க, இது என்ன நேரம்னு. நான் எந்திரிக்கிறப்ப சாயங்காலம் அஞ்சு. எனக்கு அதுதானே காலை?” அடுத்து என்னையே கேட்டார்: “நீங்க படிக்கிற பசங்க. பிரம்ம முகூர்த்தத்துல எந்திரிக்கணும்னு பாடத்துல போடுறீங்க. அந்த நேரத்துல நான் ஒருத்தருக்குச் சலைன் மாத்திக்கிட்டிருப்பேன். அது கணக்குல வருமா, வராதா?”

கட்டுமானத்தில் இருக்கும் ஊர் அண்ணன்மாருக்கு நாள் இன்னும் இறுக்கம். விடுதியிலிருந்து விடியுமுன் லாரி. சாப்பாடு ராத்திரியே எங்கோ சமைத்துப் பொட்டலமாக வருவது. மதியம் பிரிக்கும்போது பல மணி நேரம் ஆகியிருக்கும், குழம்பு சில நாள் புளித்தே இருக்கும். மாலை திரும்பிக் குளிக்கவும் துவைக்கவும் வரிசை. ஞாயிறு ஒரு நாள்தான் தேக்கா பக்கம் வந்து ஊருக்குப் பணம் அனுப்பி, கோவிலுக்கும் போய், கூட்டாளிகளைப் பார்க்க முடியும். அந்த ஒரு நாளில் காலை 10 மணியை நம் வட்டத்துக்குக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்கா கேட்டதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. திரும்பி வந்து பெரிய புராணத்தை எடுத்தேன், இந்தத் தடவை தொழிலைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்து. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர். ஆனால் வேலைக்காரனின் நாள் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

திருக்குறிப்புத் தொண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தில் துணி வெளுப்பவர். சிவனடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பது அவர் செய்யும் தொண்டு. ஒருநாள் குளிரில் ஓர் ஏழை அடியார் அழுக்குக் கந்தையோடு வருகிறார். வேறு துணி இல்லை. பொழுது சாய்வதற்குள் காயவைத்துத் தர வேண்டும் என்று பேச்சு. தொண்டர் ஒப்புக்கொண்டு வெளுக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. விடவே இல்லை. பொழுது சாய்கிறது. சொன்ன நேரம் தவறிவிட்டதே, அந்தக் கிழவர் குளிரில் நடுங்குவாரே என்று துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போகிறார். இறைவன் கை வந்து தடுக்கிறது. சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. இப்போது படித்தால் டெட்லைன் தெரிகிறது. அவர் கோவிலில் எந்தப் பூஜையையும் தவறவிடவில்லை. தவறியது ஒரு வாடிக்கையாளருக்குச் சொன்ன நேரம். அதற்காகத்தான் அந்தத் தவிப்பு, அதற்குத்தான் சாமி வந்தார்.

நாகப்பட்டினத்து அதிபத்தரும் இப்படித்தான். மீனவர். வலையில் வரும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரு மீன்தான் கிடைத்த நாளிலும் அதையே விட்டார், வீட்டில் பட்டினி. கடைசியில் பொன்மீன் வந்தது, அதையும் விட்டார். இவருடைய வழிபாட்டு நேரம் எது? வலை மேலே வரும் நேரம்தான். பஞ்சாங்கத்தைப் பார்த்தா மீன் வரும்?

இதனால் காலைப் பூஜை வேண்டாம், எந்த நேரமும் ஒன்றுதான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பகலில் வாழ்கிற எனக்கு விடியற்காலை எழுவது நல்லதுதான்; எழுவதில்லை என்பது வேறு விஷயம். நான் சொல்வது இதுதான்: நாம் ‘ஒழுங்கு’ என்று சொல்லும் நேரப்பட்டியல், பள்ளிக்கூடமும் ஆபீசும் போகிறவர்களின் வாரத்தைப் பார்த்துப் போட்டது. அதில் பொருந்தாதவர்களை ஆர்வம் இல்லாதவர்கள் என்று எழுதுவது கணக்கில் தப்பு. அக்காவுக்குப் போன் செய்து திருக்குறிப்புத் தொண்டர் கதையைச் சொன்னேன். “அப்ப எனக்கு மார்க் உண்டுங்கிற,” என்றார். மார்க் போடும் வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

அடுத்த கூட்டத்துக்கு வருமுன் எல்லாரும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ புளோக்கிலோ உங்கள் நேரத்தில் வாழாத ஒருவரைப் பிடியுங்கள். அவருடைய 24 மணி நேரத்தை எழுதி வாங்குங்கள். “என்ன வேலை?” என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்கு எல்லாரும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள். “எப்போ எந்திரிப்பீங்க? முதல் சாப்பாடு எது? கடைசியா எப்போ கோயிலுக்குப் போனீங்க, எந்த நேரத்துல?” என்று கேளுங்கள். தூங்கும் நேரத்தில் கதவைத் தட்டிக் கேட்காதீர்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் வட்டத்தில் இப்போது மாதத்தில் ஒரு கூட்டத்தை வியாழன் இரவு 7 மணிக்கு மாற்றியிருக்கிறோம். வேலைக்குக் கிளம்புமுன் வர முடிகிறவர்களுக்காக. பல்கலைக்கழகத்தில் லேப் இருப்பதால் எங்களில் சிலருக்கு அது சிரமம், முணுமுணுப்பும் உண்டு. இதுவரை மூன்று வியாழன் நடந்திருக்கிறது. அண்ணன் இரண்டுக்கு வந்தார். இரண்டாவது தடவை ரயில் பாதையின் சாவிக் கதையை அவரே எடுத்து நடத்தினார், 9 மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்து, பையைத் தூக்கிக்கொண்டு, பாதி வாக்கியத்தில் கிளம்பிவிட்டார். மீதியை அடுத்த மாதம் கேட்க வேண்டும்.