ஈறு நோயும் உடல் நலமும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய நம் சுற்றூர்களில், "வயதாயிற்று, பல் ஆடுகின்றது" என்று கூறி அமைதியுறும் பெரியோரைக் காண்கின்றோம். பல் ஆடுதல் முதுமையின் இயல்பன்று. பெரும்பாலும் அஃது ஈறு நோயின் முடிவேயாம். அந்நோய் வாயளவில் நிற்பதுமன்று. இதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

பல்லும் ஈறும் கூடுமிடத்தில் கிருமிகள் மெல்லிய படலமாய்ப் படிகின்றன. அவற்றை எதிர்க்க உடல் வெள்ளணுக்களை அனுப்புகின்றது. அதனால் ஈறு சிவந்து, வீங்கி, துலக்குங்கால் உதிரம் கசிகின்றது. இதுவே அழற்சி எனப்படும். இந்நிலையில் தூய்மை செய்யின் ஈறு பண்டைய நிலையை அடையும். நாள்பட விடின், சிலர்க்கு ஈறு பல்லினின்று விலகிப் பையாகி, பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். கரைந்த எலும்பு தானே மீள்வதில்லை. நோவு பெரும்பாலும் இல்லாமையால் நோயாளர் இதனை உணர்வதுமில்லை.

தமிழர் பெருவாரியாய் உழைக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், ஹரால்டு லோ என்னும் நார்வே நாட்டு அறிஞரும் அவருடன் உழைத்தோரும் 1970ஆம் ஆண்டில் 480 தொழிலாளரின் வாயைச் சோதித்து, 1985 வரை ஆராய்ந்து வந்தனர். பல் தூரிகையும் பல் மருத்துவமும் அறியாத அம்மக்களுள், ஏறத்தாழ நூற்றுக்கு 8 பேர்க்கு நோய் விரைந்து பெருகிற்று. 81 பேர்க்கு மெல்லப் பெருகிற்று. 11 பேர்க்கு ஈற்றழற்சியைக் கடந்து செல்லவில்லை. அழுக்கு யாவர்க்கும் பொதுவாயிருந்தும் கேடு வேறுபட்டமையால், கிருமியோடு உடலின் தன்மையும் கருதற்பாலது என்பது புலனாம்.

உடலின் தன்மையை மாற்றுவனவற்றுள் புகையிலையும் நீரிழிவும் தலையாயவை. கண், சிறுநீரகம், நரம்பு இவற்றின் கேடுகளோடு சேர்த்து, ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று லோ 1993இல் எழுதினார். இத்தொடர்பு இருவழிப்பட்டது. சர்க்கரை மிகுந்தால் ஈற்றுப்புண் எளிதில் ஆறுவதில்லை. ஈற்றிற் பிறந்த அழற்சிப் பொருள்களோ உதிரத்திற் கலந்து, இன்சுலின் தன் தொழிலைச் செவ்வனே செய்யவொட்டாமல் தடுக்கின்றன. ஈறு நோய்க்கு மருத்துவம் செய்துகொண்ட நீரிழிவாளர்க்கு, மூன்று நான்கு திங்களில் எச்.பி.ஏ.1.சி. என்னும் சர்க்கரை அளவு சராசரி 0.43 புள்ளி குறைந்ததென 2022இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்புக் காட்டுகின்றது.

இருதய நோயோடும் ஈறு நோய் தொடர்புடையதாகக் காணப்படுகின்றது. எனினும் இதுவே அதற்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை என 2012இல் அமெரிக்க இருதயச் சங்கம் அறிவித்தது. உடனிருத்தல் வேறு, காரணமாதல் வேறு என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.

நீரிழிவுடைய நம் பெரியோர் உதிரத்தைச் சோதிக்கத் தவறார்; ஈறுகளைக் காட்டவோ எண்ணார். பல் மருத்துவரிடம் செல்வது பல்லைப் பிடுங்குதற்கே என்பது பலருடைய கருத்து. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியிலேயே பல் மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கின்றது; ஆகவே தொலைவைக் காரணமாகக் கூறுதற்கில்லை. காலையும் இரவும் பல் துலக்குக. பல்லிடுக்குகளையும் தூய்மை செய்க. செங்கற்பொடியையும் புகையிலையையும் விலக்குக. இவற்றோடு மாணவர் ஒவ்வொருவரும் தம் தாய் தந்தையரை, "பல் துலக்கும்போது உதிரம் வருகின்றதா?" என்று வினவுவாராக. வருகின்றதெனில், பல் ஆடும் வரை காத்திராது அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே கற்ற கல்வியின் பயனாம்.