கன்ட்ரோலர் வாங்குமுன்

அன்புள்ள கயல்விழி,

போட்டி ரோபோவை ஓட்ட எந்த கன்ட்ரோலர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடைக்குப் போகுமுன் உங்கள் அணியின் ரோபோ நிரலைத் திறந்து பார் என்பதுதான் என் பதில். ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியின் 2025ஆம் ஆண்டு ஆட்டம் இரண்டரை நிமிடம். அதில் முதல் 15 விநாடி ரோபோ தானாக இயங்கியது. மீதி 2 நிமிடம் 15 விநாடி ஓட்டுநர் கையில். அப்போது அவருடைய கையை மோட்டாரோடு இணைப்பது, கன்ட்ரோலர் குச்சியின் அசைவை மோட்டாரின் வேகமாக மாற்றும், நிரலில் உள்ள கணக்கு. குச்சியை விட்டதும் அது மிகச் சரியாகப் பூச்சியத்துக்குத் திரும்பிவிடாது. அந்த மிச்சத்தை நிரல் கண்டுகொள்ளாமல் விடவேண்டும், இல்லையென்றால் ரோபோ ஊர்ந்துகொண்டே இருக்கும். அடுத்து, குச்சியின் அளவை வர்க்கமாக்கிப் பார். பாதி தள்ளினால் கால் பங்கு வேகம். பத்தில் ஒரு பங்கு தள்ளினால் நூறில் ஒரு பங்கு. இலக்கை ஒட்டி நகரும்போது இந்த நிதானம் பெரிய வரம். பின்னோக்கித் தள்ளும்போது வரும் கழித்தல் குறி வர்க்கத்தில் மறைந்துவிடும், அதை மட்டும் திரும்பச் சேர்க்க மறக்காதே. இதில் ஒரு நஷ்டமும் உண்டு: பாதியைத் தாண்டியபின் சிறு அசைவுக்கே வேகம் எகிறும்.

விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக் சீக்கிரம் பதில் சொல்லுமே என்பார்கள். இந்தப் போட்டியில் ரோபோவின் நிரல் வழக்கமாக 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓடுகிறது. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிவிநாடி ஆகிறது. கருவி மிச்சப்படுத்தும் ஓரிரு மில்லிவிநாடி இதில் தெரியவே தெரியாது. நீளமான குச்சிக்கு அசையும் தூரம் அதிகம், நுணுக்கமாகத் தள்ளலாம் என்ற வாதம் நியாயமானது; ஆனால் உங்கள் ஓட்டுநருக்கு அது உதவுகிறதா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஓட்டுநருக்குப் பிடித்ததையே கொடுத்துவிடலாமே என்றும் கேட்பாய். பழக்கம் பெரிய பலம்தான், மறுக்கவில்லை. இருந்தும் பிடித்திருப்பது வேறு, நன்றாக ஓட்டுவது வேறு. அதனால் சோதித்துப் பார்: கூம்புகள் வைத்த ஒரே பாதை, ஒவ்வொரு சுற்றுக்கும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, அவருக்குப் பிடித்த கன்ட்ரோலரையும் இன்னொன்றையும் மாற்றி மாற்றி ஓட்டச் சொல். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதை எடுத்தால், பாதை பழகிய ஆதாயம் பின்னதற்குப் போய்விடும். மிக வேகமான சுற்றைப் பார்த்து மயங்காதே. மிக மோசமான சுற்றையும், கூம்புகளில் இடித்த எண்ணிக்கையையும் குறித்துவை. பதற்றமான ஆட்டத்தில் வெளிப்படுவது பெரும்பாலும் அந்த மோசமான சுற்றுதான். ரோபோவின் அடிச்சட்டம் ஓடத் தொடங்கிய வாரமே இந்தச் சோதனையை முடித்துவிடு. அதன்பின் பொத்தான்களின் இடத்தை மாற்றாமல், மிச்ச நாளெல்லாம் ஓட்டுநரைப் பயிற்சி செய்ய விடு.

அன்புடன்,
உன் மாமா