கடைக் கண்ணாடி வேறு, காமிராக் கண்ணாடி வேறு

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து கோல சிலாங்கூர் வரை கடை வைத்திருக்கும் நம் அன்பர்களில் டிஜிட்டல் காமிராவைக் கையாளாதவர் இன்று குறைவு. ஜவுளிக் கடைக்காரர் புதுச் சேலைகளையும் கைலிகளையும் படமெடுத்துத் தூரத்து வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்புகிறார். நிக்காஹ் வைபவங்களைப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்ட வாலிபர்களும் இருக்கின்றனர். இவர்களுக்கெல்லாம் காமிரா என்பது தராசும் முழக்கோலும் போன்ற ஒரு தொழிற்கருவி. முழக்கோல் தேய்ந்தால் துணியின் அளவு குறையும். லென்ஸ் மங்கினால் துணியின் நிறம் குறையும். கறுப்பு சாம்பலாகும், சிவப்பு வெளுத்துத் தெரியும். படத்தில் கண்டது ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று என்று சரக்குத் திரும்பி வந்தால் நஷ்டம் யாருக்கு என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் லென்ஸைக் கெடுப்பதில் அழுக்கை விட அழுக்கை நீக்கும் முறைக்கே பெரும் பங்கு உண்டு. காலையில் கதவைத் திறந்ததும் கடைச் சிப்பந்தி கண்ணாடி அலமாரிகளைத் துடைத்து வைப்பது நல்ல பழக்கந்தான். அதே துணியோடும், அதே கண்ணாடி கழுவும் மருந்தோடும் அவர் காமிராவையும் ஒரு கை பார்த்துவிடுகிறாரே, அதில்தான் வினை இருக்கிறது.

ஏனெனில் லென்ஸ் வெறும் கண்ணாடியன்று. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு லென்ஸுக்குள் ஐந்து கண்ணாடிகளும் அவற்றுக்குப் பத்து முகப்புகளும் இருந்தால், வந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்கு படத்துக்குப் போய்ச் சேராது. இதற்குப் பரிகாரமாக ஜெர்மனியில் செய்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா என்பவர் 1935-ம் ஆண்டில் கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சிடும் முறையைக் கண்டார். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மினுங்குகிறதே, அதுதான் அந்தப் பூச்சு. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஓர் அடுக்கின் கனம் ஏறக்குறைய அவ்வளவே. இதன்மேல் மணற்பொடியை வைத்துத் தேய்ப்பதை எண்ணிப் பாருங்கள். மணல் கண்ணாடியை விடக் கடினமானது. காய்ந்த துணியால் ஒரு தரம் அழுத்தித் தேய்த்தாலும் கீறல் நிரந்தரம். சிறு தூசு இரண்டொன்று லென்ஸின் மேல் கிடந்தால் படத்தில் தெரிவதேயில்லை. கீறல்கள் பெருகினாலோ வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளுத்துப் போகும். ஆகவே துடைப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை ஊதுவது. வாயால் அல்ல; வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ரப்பர்க் குமிழ் ஊதுகருவி காமிராக் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. காமிராவை நிறுத்தி, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, நாலைந்து தரம் ஊதினால் தூசு தானே கீழே உதிரும். டயர்க் கடைக் காற்றுக் குழாயை நாடுவோருக்கு ஒரு வார்த்தை: அந்தக் காற்றில் எண்ணெயும் நீரும் கலந்து வரும், வேண்டாம். ஊதியும் போகாத தூசை மிருதுவான தூரிகையால் தட்டலாம். தூரிகையின் மயிரை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய் மயிருக்கும், மயிரிலிருந்து லென்ஸுக்கும் போகும்.

விரல் ரேகையோ எண்ணெய்க் கறையோ பட்டிருந்தால் மட்டுமே துடைப்பது அவசியம். லென்ஸ் துடைக்கும் தாள் அல்லது சுத்தமான மைக்ரோபைபர் துணி எடுத்துக்கொள்க. லென்ஸுக்கென விற்கும் திரவத்தையோ, கலப்பில்லாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ துணியில் ஒரு துளி விட வேண்டும். லென்ஸின் மேல் நேரே விடலாகாது. விளிம்பு வளையத்தின் வழியே கசிந்து உள்ளே இறங்கிவிடும். நடுவில் தொடங்கி வட்டமாக ஓரத்தை நோக்கி, அழுத்தாமல், துணியின் கனமே போதும் என்ற அளவில் துடைத்து வருக. அம்மோனியா கலந்த கண்ணாடி மருந்து, பாத்திரம் கழுவும் சோப்பு, கை துடைக்கும் கிருமிநாசினி எதுவும் ஆகாது. கிருமிநாசினியில் கிளிசரின் சேர்ந்திருப்பதுண்டு. அது படலமாகப் படியும். கைலி முனையும் சட்டை முனையும் எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் வேண்டாம். அத்தர் பூசிய கையோடு காமிராவைத் தொடாதிருப்பதும் நன்று. அத்தர் என்பது எண்ணெய்தானே!

நம் வட்டாரத்துக்கென்று சில தொல்லைகள் உண்டு. சுங்கை ஆயர் தாவார் என்றால் நன்னீர் ஆறு என்று பொருள். ஆயினும் கடலோரக் காற்றில் வருவது உப்பு. செகிஞ்சான் கரையிலோ பாசிர் பெனாம்பாங் படகுத் துறையிலோ நின்று படமெடுத்துத் திரும்பினால் லென்ஸில் உப்புத் திவலை படிந்திருக்கும். உப்பு ஆல்கஹாலில் எளிதில் கரையாது. எனவே முதலில் வாலை வடித்த நீரில் லேசாக நனைத்த தாளால் ஒற்றியெடுத்து, அதன் பின்பே ஆல்கஹால் துளியால் துடைக்க வேண்டும். செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களில் ஆண்டுக்கு இரு போகம் அறுப்பு நடக்கிறது. அறுப்பு யந்திரம் ஓடும் நாட்களில் வயலோரத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டுவது வீண் வம்பு. புகைமூட்டக் காலத்துக்கும் இதுவே விதி. 2005-ம் ஆண்டு ஆகஸ்டில் கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசர நிலை அறிவிக்குமளவுக்கு வந்த புகையை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் காமிரா பெட்டிக்குள் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் விடப் பொல்லாதது பூஞ்சணம். இரண்டாம் உலகப் போரின்போது நியூகினியாக் காடுகளில் நேச நாட்டுப் படையினரின் தூரதிருஷ்டிக் கருவிகள் உள்ளே பூஞ்சணம் பிடித்து உபயோகமற்றுப் போயின. மெல்போர்ன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டர்னர், எதெல் மக்லென்னன் முதலியோர் இதை ஆராய்ந்து, பாதரசம் சேர்ந்த ஒரு மருந்தால் அதைத் தடுக்கும் வழியை 1946-ம் ஆண்டில் நேச்சர் என்னும் விஞ்ஞான இதழில் வெளியிட்டனர். பாதரச மருந்து வீட்டில் கையாளத் தக்கதன்று. ஆனால் அன்று அந்தக் காட்டில் நேர்ந்தது இன்று நம் அலமாரியிலும் நேரும். காற்றின் ஈரம் நூற்றுக்கு 70-க்கு மேல் சில நாள் நின்று, இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் பூஞ்சணம் முளைக்கும். நம் கரையோரத்தில் ஈரம் அதற்குக் குறைவது பகல் வேளையில் சில மணி நேரந்தான். விரல் எண்ணெயும் துணிப் பிசிறும் அதற்கு உணவு. சிலந்திக் கூடு போன்ற நூல்கள் லென்ஸின் உள்ளே கிளைத்துப் பரவும். அது கக்கும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். உள்ளே பிடித்துவிட்டால் நாமாகத் திருகாணியைக் கழற்றாமல், பழுது பார்ப்போரிடம் உடனே கொடுக்க வேண்டும். அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பையில் வைக்கவும் கூடாது.

காப்பது எளிது. மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி. ஈரம் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் போதும். சரக்குப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கடையில் குவிந்து கிடக்கும். அவை பெரும்பாலும் முன்பே ஈரம் குடித்து ஓய்ந்தவை. நிறம் மாறும் வகையைக் காசு கொடுத்து வாங்கி, நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியளவில் சூடாக்கி மறுபடி உபயோகிக்கலாம். அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரம் போகும் என்று நெல் விளையும் நம் பகுதியில் யோசனை சொல்வோர் உண்டு. தவிடும் மாவும் உள்ளே புகுவதைத் தவிர அதனால் கண்ட பயன் இல்லை. தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். எடுத்துச் செல்ல மட்டும் வைத்துக்கொள்க.

குளிர்சாதனக் கடையிலிருந்து வெயிலுக்கு வந்ததும் லென்ஸில் பனி படர்வதைப் பலர் கண்டிருப்பர். வெளியே 30 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரமும் இருக்கும்போது, 26 டிகிரிக்குக் குறைந்த எந்தப் பொருளின்மீதும் நீர் படியும். அதைத் துடைக்கவே வேண்டாம். பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வைத்து, வெளிச் சூட்டுக்கு வந்த பின் திறக்கலாம். லென்ஸைக் கழற்றினால் உள்ளே தெரியும் உணர்பலகையில் தூசு கண்டால், காமிராவின் வாய் கீழ்நோக்கியிருக்க ரப்பர்க் குமிழால் ஊதுவதோடு நிறுத்திக்கொள்க. மேற்கொண்டு தொடுவது தொழில் தெரிந்தவர் வேலை. கைத்தொலைபேசியில் படமெடுப்போருக்குச் சுத்தமான மைக்ரோபைபர் துணி ஒன்றே போதும்; அதையும் தூசை ஊதிய பிறகே.

பழைய லென்ஸ் விலைக்கு வந்தால் வெளிப்பளபளப்பைக் கண்டு விலை பேச வேண்டாம். இரு மூடிகளையும் கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து கைவிளக்கை அடித்து முன்புறத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். நூல் போன்ற கிளைகள் தெரிந்தால், விற்பவர் எவ்வளவு வெள்ளி குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.