நினைவகத் தொகுதியைப் படியெடுக்கும் முறை

சென்ற விடுமுறையில் யாம் திருக்கோகர்ணத்திலே, குன்றைக் குடைந்தமைத்த கோயிலுக்குச் சென்றிருந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர்க்குக் கல்வெட்டுப் பயிற்சியும் உண்டாதலின், கோயிலாரின் இசைவு பெற்று, ஆங்குள்ள கல்வெட்டொன்றைக் கண்ணாற் பார்த்துக் கையால் எழுதினோம். கல்லை நோக்குவதும், ஏட்டில் எழுதுவதும், மீண்டும் கல்லில் விட்ட இடத்தைத் தேடுவதுமாக ஒரு பகற்பொழுது கழிந்தது. 40 வரி எழுதி முடித்தோமென்று மகிழ்ந்து விடுதிக்குத் திரும்பினோம். கைப்பேசியில் எடுத்திருந்த நிழற்படத்தோடு ஒப்பிட்டபோதோ, கல்லில் 41 வரி இருக்கக் கண்டோம். பதினோராம் வரியும் பன்னிரண்டாம் வரியும் ஒரே சொல்லில் தொடங்கியமையால், எம் கண் ஒன்றைத் தாண்டி மற்றொன்றிற்குச் சென்றுவிட்டது.

இத்துறையில் வல்லார் இங்ஙனம் எழுத்தெழுத்தாகப் படியெடுப்பதில்லை. கல்லைக் கழுவித் துடைத்து, நனைத்த தாளை அதன்மேற் பரப்பி, தூரிகையால் தட்டித் தாளை எழுத்துக்களின் குழிகளிற் படியவைத்து, பின்னர் மையொற்றி எடுப்பர். கல்லின் ஒரு பகுதி முழுதும் ஒருங்கே தாளில் ஏறிவிடும். புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கல்வெட்டுக்களின் மூலங்கள் 1929ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தமைக்குப் பின்னே, இத்தகைய பொறுமையான உழைப்பு எத்துணை நின்றிருக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

ஓரிடத்துள்ளதை மற்றோரிடத்திற்குப் பெயர்த்தெழுதும் இத்தொழில் கணிப்பொறியின் உள்ளும் ஓயாது நடைபெறுகின்றது. கட்டுரையின் நடுவே ஒரு சொல்லைப் புகுத்தும்போதும், திரையிலுள்ள வரிகள் மேலேறும்போதும், நினைவகத்தின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குப் படியெடுக்கப்படுகின்றது. பொறியின் கட்டளைகளையே ஒன்றொன்றாக எழுதும் அசெம்பிளி மொழியில் இதனை எவ்வாறு விரைவாகவும் பிழையின்றியும் செய்யலாம் என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது. இலக்கியம் பயில்வார்க்கு இதனால் ஆவதென்ன என்று வினவும் அன்பர்கள் இறுதிவரை பொறுத்தருள்க.

எம் கல்லூரி நண்பரொருவர் கணிப்பொறித் துறையிற் பயில்கின்றார். அவர்தம் பயிற்சிப் பெட்டியில் இன்டெல் 8085 என்னும் நுண்செயலி உளது. 1976ஆம் ஆண்டில் வெளிவந்த இச்செயலியைக் கொண்டே நம் நாட்டு மாணாக்கர் பல தலைமுறையினர் அசெம்பிளி மொழியின் அரிச்சுவடியைக் கற்றனர். நினைவகத் தொகுதியைப் பெயர்த்தெழுதுதல் அவ்வரிச்சுவடியின் முற்பாடங்களுள் ஒன்று.

நினைவகத்தை வரிசையாய் எண்ணிடப்பட்ட அறைகளாகக் கொள்க. ஒவ்வோர் அறையிலும் ஒரு பைட்டு, அஃதாவது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண், தங்கும். அறையின் எண்ணே அதன் முகவரி. செயலியினுள் பதிவகங்கள் எனப்படும் சில சிற்றறைகள் உள. எச், எல் என்னும் இரட்டைப் பதிவகத்தில் மூலத்தின் முகவரியையும், டி, இ என்னும் இரட்டைப் பதிவகத்தில் படி சேரவேண்டிய முகவரியையும், சி என்னும் பதிவகத்தில் எண்ணிக்கையையும் முதற்கண் இட்டுக்கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் கட்டளைகள் ஆறு.

1. மூவ் ஏ, எம்: மூல அறையிலுள்ளதை ஏ என்னும் பதிவகத்திற்கு எடு. 7 துடிப்பு.
2. ஸ்டாக்ஸ் டி: அதனைச் சேரிடத்து அறையில் வை. 7 துடிப்பு.
3. இன்எக்ஸ் எச்: மூல முகவரியில் ஒன்று கூட்டு. 6 துடிப்பு.
4. இன்எக்ஸ் டி: சேரிட முகவரியில் ஒன்று கூட்டு. 6 துடிப்பு.
5. டிசிஆர் சி: எண்ணிக்கையில் ஒன்று குறை. 4 துடிப்பு.
6. ஜேஎன்இசட்: எண்ணிக்கை சுழியாகாவிடின் முதற் கட்டளைக்குத் திரும்பு. திரும்பினால் 10 துடிப்பு, திரும்பாவிடின் 7.

துடிப்பென்றது செயலியின் கடிகாரத் துடிப்பை. ஒரு பைட்டிற்கு ஆகும் செலவு 40 துடிப்பு. 256 பைட்டுக்கு 10,237 துடிப்பு. ஈற்றில் திரும்பாமையின் மூன்று குறைந்தது. நொடிக்கு 30 இலட்சம் துடிப்புடைய பெட்டியில் இஃது ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் 3.4 பங்கு.

இந்த 40 துடிப்பும் எவ்வாறு செலவாகின்றன என்று நோக்குக. எடுத்து வைப்பதாகிய மெய்த்தொழிலுக்கு 14; இரு முகவரிகளை நகர்த்துவதற்கு 12; எண்ணிப் பார்த்துத் திரும்புவதற்கு 14. கல்வெட்டின்முன் யாம் இருந்த நிலையும் இதுவே. எழுதியது சிறிது, தலையைத் திருப்பி இடந்தேடியதே பெரிது. ஆகவே விரைவை நாடுவார் மெய்த்தொழிலை விடுத்துச் சுற்றுத்தொழிலையே முதலிற் குறைத்தல் வேண்டும்.

முதல் வழி, எண்ணுவதைக் குறைத்தல். முதல் நான்கு கட்டளைகளையும் நான்கு முறை அடுத்தடுத்து எழுதி, அதன்பின் ஒரு முறையே எண்ணித் திரும்பலாம். நான்கு பைட்டுக்கு 118 துடிப்பு. அஃதாவது பைட்டொன்றுக்கு 29.5. 256 பைட்டும் 7,549 துடிப்பில் முடியும். இதற்கு விலையும் உண்டு. முன்னர் 8 பைட்டில் அடங்கிய சுழற்சி இப்பொழுது 20 பைட்டு இடங்கொள்ளும். தொகுதியின் அளவு நான்கால் வகுபடாவிடின், எஞ்சிய பைட்டுக்களைத் தனியே பெயர்த்தல் வேண்டும்.

இரண்டாம் வழி, தொகுதியின் இருப்பிடத்தைப் பயன்படுத்தல். முகவரி 16 பிட்டு உடையது. அதன் கீழ்ப்பாதி 8 பிட்டு. மூலமும் சேரிடமும் கீழ்ப்பாதி சுழியாகவுள்ள முகவரிகளில் தொடங்குமாறு அமைத்துக்கொண்டால், 256 பைட்டு முடியும்வரை மேற்பாதி மாறாது. எனவே இன்எக்ஸ் கட்டளைகளுக்கு மாறாக, 4 துடிப்பே கொள்ளும் ஐஎன்ஆர் எல், ஐஎன்ஆர் இ என்பன போதும். இவற்றிற்கு மற்றொரு நன்மையும் உண்டு. இன்எக்ஸ் சுழிக்குறியை மாற்றாது, ஐஎன்ஆர் மாற்றும். இ என்னும் பதிவகம் 255இலிருந்து சுழிக்குத் திரும்பும்போது, வேலை முடிந்ததென்பது தானே புலப்படும், தனியே எண்ணவேண்டுவதில்லை. முதல் வழியோடு இதனையும் சேர்த்தால் நான்கு பைட்டுக்கு 98 துடிப்பு. 256 பைட்டுக்கு 6,269. முதற்கண் ஆன செலவில் ஐந்தில் இரண்டு பங்கிற்குச் சற்றே குறைய மிச்சமாயிற்று.

ஒரே கட்டளையால் தொகுதி முழுதையும் பெயர்க்கும் செயலிகளும் உள. 1976ஆம் ஆண்டின் ஸைலாக் இசட் 80இல் எல்டிஐஆர் என்னும் கட்டளை ஈற்றுப் பைட்டொழிய ஏனைய ஒவ்வொன்றிற்கும் 21 துடிப்பே கொள்ளும். 1978ஆம் ஆண்டின் இன்டெல் 8086இல், ரெப் என்னும் முன்னொட்டுடைய மூவ்ஸ் கட்டளை அப்பணியைச் செய்யும். சென்னை ஐஐடியில் உருவான சக்தி என்னும் செயலிகள் ரிஸ்க் 5 என்னும் கட்டளைத் தொகுதியைத் தழுவியவை. அதன் அடிப்படைக் கட்டளைகளுள் தொகுதியைப் பெயர்ப்பதற்கென ஒன்றில்லை. ஆயினும் 64 பிட்டு வகையில் ஒரே கட்டளை 8 பைட்டைச் சேர எடுக்கும்; மற்றொன்று சேர வைக்கும். 256 முறை செய்வது 32 முறையில் முடியும். எழுத்தெழுத்தாக எழுதுவார்க்கும் சொற்றொடராக மனத்திற்கொண்டு எழுதுவார்க்கும் உள்ள வேறுபாடு இது.

இனி எம் பிழையைக் கூறுவோம். கல்வெட்டின் வரிதோறும் உள்ள எழுத்துக்களின் தொகையைப் பயிற்சிப் பெட்டியில் 40 எண்களாக இட்டிருந்தோம். விடுபட்ட பதினோராம் வரியின் தொகையை இடையே புகுத்தவேண்டி, பதினொன்று முதல் நாற்பது வரையுள்ள 30 அறைகளையும் ஓரறை தள்ளிப் பெயர்க்கக் கருதினோம். புதிதாய்க் கற்ற சுழற்சியை இயக்கினோம். கண்ணிமைக்குமுன் முடிந்தது. திறந்து பார்த்தபோதோ, பன்னிரண்டாம் அறை முதல் நாற்பத்தோராம் அறை வரை ஒரே எண் நின்றது! அரைமணி நேரம் தட்டிய எண்களுள் முதற்பத்தும் அந்த ஒன்றுமே எஞ்சின.

நடந்தது இது. பதினோராம் அறையின் எண் பன்னிரண்டாம் அறையில் எழுதப்பட்டது. அங்கிருந்த பழைய எண் அப்போதே அழிந்தது. அடுத்த சுற்றில் எடுக்கப்பட்டது மூலமன்று, சற்றுமுன் எழுதிய படியே. அப்படியின் படி பதின்மூன்றாம் அறைக்குச் சென்றது. இவ்வாறே ஈறுவரை. பொறி யாதொரு குறையும் கூறவில்லை; இட்ட கட்டளைகளைப் பிழையின்றிச் செய்தது.

மூலமும் சேரிடமும் ஒன்றன்மேலொன்று படியும்போது திசையே முதன்மையானது. சேரிடம் மூலத்திற்கு முன்னே, அஃதாவது சிறிய முகவரியில் தொடங்கின், முதலிலிருந்து பெயர்க்க. சேரிடம் மூலத்தினுள்ளே பெரிய முகவரியில் தொடங்கின், கடைசி அறையிலிருந்து பின்னோக்கிப் பெயர்க்க. நிறைந்த விசிப்பலகையில் இருப்போர் ஒவ்வோரிடம் தள்ளியமர வேண்டுமாயின், ஒழிந்த இடத்தை அடுத்திருக்கும் கடைசி மாணாக்கன்தானே முதலில் நகர வேண்டும்? 8085இல் இதன்பொருட்டு இன்எக்ஸுக்கு மாறாக டிசிஎக்ஸ் என்று எழுதவேண்டும். அதற்கும் துடிப்பு ஆறே. தொடங்குமுன் ஒரு முறை இரு முகவரிகளையும் ஒப்பிடுவதற்கன்றி, முறையான வழிக்கு மிகுதிச் செலவு யாதுமில்லை.

இப்பிழை எம்போலும் தொடக்க மாணாக்கர்க்கே உரியதன்று. சி மொழியில் மெம்கப்பி, மெம்மூவ் என இரு செயற்கூறுகள் உள. முன்னதைப் படியாத தொகுதிகளுக்கே பயன்படுத்தல் வேண்டுமென்பது விதி. பின்னது எவ்வாறு படியினும் காக்கும். 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஃபெடோரா 14 என்னும் இயங்குதளத்தில், ஃப்ளாஷ் வழியே கேட்கும் ஒலி சிலருடைய பொறிகளிற் சிதைந்தது. விரைவின்பொருட்டுச் சில செயலிகளில் மெம்கப்பியைப் பின்னோக்கிப் பெயர்க்குமாறு நூலகத்தார் மாற்றியிருந்தனர். ஃப்ளாஷோ விதியை மீறிப் படியும் தொகுதிகளை அதனிடம் கொடுத்து வந்தது. பழைய முறையில் மறைந்து கிடந்த குற்றம் புதிய முறையில் வெளிப்பட்டது. விதியின்படி நூலகத்தார்மேற் குற்றமில்லை. எனினும், பயனாளர் இழந்தது தம் ஒலியையே என்று லினக்ஸின் ஆக்கியோராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவர்கள் வழக்கெடுத்தார். 2011ஆம் ஆண்டில் வந்த பதிப்பு, பழைய நிரல்களுக்குப் படிதலைத் தாங்கும் முறையையும், புதியனவற்றிற்கு விரைவு முறையையும் தனித்தனியே வழங்கி அமைதி செய்தது.

ஏட்டுப் பிரதிகளைப் பெயர்த்தெழுதியோர் விட்ட வரிகளால் நம் இலக்கியம் எத்துணை இழந்தது என்று வகுப்பறையில் வருந்துகின்றோம். அவ்விழப்பிற்குக் காரணம் எழுதினோரின் சோம்பல் அன்று, பெரும்பாலும் விரைவே. பொறிக்கு எழுதுவார்க்கும் அதுவே எச்சரிக்கை. மூலம் எங்கே, படி எங்கே, ஒன்றை ஒன்று தொடுமோ என்பதை முதலில் வினவுக; எத்துணை விரைவாக என்பதைப் பின்னர் வினவுக. எழுதிய படி பிழைபடின் மூலத்தைப் பார்த்துத் திருத்தலாம். மூலத்தின்மேலேயே எழுதிவிட்டால் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

மறுவாரம் மீண்டும் திருக்கோகர்ணம் சென்றோம். விடுபட்ட வரியை ஏட்டின் ஓரத்தில் எழுதிச் சேர்த்தோம். இம்முறை கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். வரிகள் 41ஆகச் சரியாயிருந்தன.