தவிடு மலமாமோ?

சென்ற ஆண்டு எம்மூரை அடுத்த ஒரு திருமடத்தின் குருபூசை நாளன்று, மாகேசுர பூசை நிறைவுற்றபின், அன்பர் சிலர் திண்ணைக்கண் அமர்ந்து சாத்திர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தனர். அவருள் எம்மினும் மூத்தவராகிய புலவர் ஒருவர், பந்தியில் யாம் வெள்ளரிசிச் சோற்றை மிகச் சிறிதே இடுவித்துக்கொண்டமை கண்டு காரணம் வினவினார். யாம் நீரிழிவு நோயுடையேம் என்பதும், இல்லின்கண் கைக்குத்தலரிசிச் சோற்றையே அளவறிந்து உண்டு வருகின்றேம் என்பதும் கூறினேம். அதுகேட்ட அவர் நகைத்து, "நெல்லைப் பற்றியுள்ளவற்றை மும்மலத்திற்கு உவமையாகச் சிவஞான சித்தியார் கூறுமன்றோ? அவற்றுள் தவிடும் ஒன்று. அந்நூலைப் பல்லாண்டு பாடஞ்சொல்லிய தாங்கள் மலத்தைத் தேடி உண்ணலாமோ?" என்றார்.

இருந்தோர் அனைவரும் நகைத்தனர், யாமும் நகைத்தேம். ஆயினும் இல்லம் மீண்டபின்னும் அவ்வினா எம்மை விட்டகன்றிலது. விளையாட்டாகக் கேட்கப்பட்டதேனும் அதனுள் ஒரு கொள்கை மறைந்து நிற்கின்றது. உடம்பு மாயையின் காரியம், அது நீக்கத்தக்கது, ஆகலின் அதனைப் பேணுதற்கண் கருத்துச் செலுத்துதல் மெய்ந்நூல் கற்றார்க்கு அழகன்று என்பதே அக்கொள்கை. எம்மோடு ஒருங்கு பயின்றார் பலர், அறுபது எய்து முன்னரே கண்ணொளி மங்கி ஏடு நோக்க மாட்டாராயினர். சிலர் காலிற் புண்ணாறாது துன்புற்றனர். யாமும் உள்ளங்கால் உணர்விழந்து, முள் தைத்ததும் அறியாது நடந்த பின்னரே மருத்துவரை நாடினேம். இத்துன்பங்கட்குக் காரணம் உடம்பை மதியாத துறவுள்ளமோ, அத்துறவின் பெயரால் ஒளிந்துநின்ற நாச்சுவையோ என்பதை நம்மவர் ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் உவமையை நோக்குவாம். உவமையாவது ஒருபுடை ஒப்புமை பற்றி வருவது. முற்றும் ஒக்குமெனின் அஃது உவமையாகாது, பொருளேயாய் முடியும். நெல்லை எடுத்துக்காட்டியது, மலம் உயிரோடு அநாதியே உடனாய் நிற்றலையும், அது நீங்கியவழி உயிர் தன்னியல்பில் விளங்குதலையும் உணர்த்தற்பொருட்டே. சோறு சமைக்கும் முறை உணர்த்தற்பொருட்டன்று. செம்பிற் களிம்பும் மலத்திற்கு உவமையாக வழங்கும். அதுபற்றிச் செப்புக் குடத்து நீரை வெறுத்தார் ஒருவருமிலர். எம் ஆறே தாமிரத்தைத் தன் பெயரிற் கொண்டது; நெல்லையப்பர் ஆடும் அம்பலமும் தாமிர சபையே.

அற்றன்று, உவமையை விடேம் என்பாரேல், அவர் வழியே சென்று காண்பாம். தவிட்டை மாயைக்கு உவமையாகக் கொள்வதே வழக்கு. மாயை மலமேயாயினும், தனு கரண புவன போகங்களாய் விரிந்து, ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு விளக்கெனச் சிறிது அறிவை விளக்கி உதவுவது என்பது சித்தாந்தத் துணிபு. இருள் புலரு முன் விளக்கை அவிப்பவன் இடறி வீழ்வான். புலர்ந்தவர்க்கு விளக்கு வேண்டா என்பது மெய்யே. எமக்கு இன்னும் புலர்ந்திலது. வினவிய புலவர்க்குப் புலர்ந்ததோ என்று கேட்க அஞ்சி வாளாவிருந்தேம்.

இனி, உடலோம்பல் சைவர்க்குப் புறம்பானதொன்றன்று. திருமூலர் தம் மூன்றாந் தந்திரத்துள் காயசித்தி உபாயம் எனத் தனியே ஒரு பகுதி வகுத்தார். திருவள்ளுவர் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்துட் பெரும்பகுதியை மருந்தின் பெயர் கூறுதற்குச் செலவிடாது உண்ணும் அளவு கூறுதற்கே செலவிட்டார். மற்று, உடம்பையே முடிந்த பொருளாகக் கொண்டு நாடோறும் அதனை நிறுத்தும் அளந்தும் கொண்டாடுவாரும் இக்காலத்துளர். கருவியைத் துருவேறவிடுதலும் தவறு. கருவியையே கோயிலில் எழுந்தருளுவித்துப் பூசித்தலும் தவறு.

கைக்குத்தலரிசி எம் நாட்டிற்குப் புதியதன்று. திருநெல்வேலி என்னும் பெயரே நெல்லின்மேல் எழுந்தது. வேதசர்மர் என்னும் அந்தணர் இறைவனுக்குத் திருவமுது ஆக்குதற்பொருட்டு நெல்லை உலரவிட்டு நீராடச் சென்றபோது பெருமழை பெய்ய, இறைவன் அந்நெல்லை நீர் கொள்ளாது வேலியிட்டுக் காத்தான் என்பது தலவரலாறு. பொதிகையிற் பிறந்து இருபருவ மழையும் பெற்று ஓடும் தாமிரபரணி, எட்டு அணைக்கட்டுகளாற் பகுக்கப்பட்டுக் காரும் பிசானமும் ஆகிய இருபோகத்தையும் ஊட்டுகின்றது. அந்நெல்லை வேண்டுமளவு எடுத்து, உரலிலிட்டு உலக்கையாற் குத்தி, சுளகிற் புடைத்து, உமி போக்கிச் சமைத்த இல்லங்களையே யாம் இளமையிற் கண்டேம். உலக்கை உமியை முற்றும் போக்கும். தவிட்டைச் சிறிதே போக்கும். ஆலைப்பொறியோ அரிசியைப் பளிங்குபோல் தீட்டித் தவிட்டையும் முளையையும் மாட்டுத்தீவனத்திற்கு அனுப்பிவிடுகின்றது. வெண்மை கண்டு மகிழ்ந்தேம், மாடு கொழுத்தது.

அங்ஙனம் நீக்கப்பட்டதன் அருமையை உலகம் பெருந்துன்பத்தின் வாயிலாகவே அறிந்தது. சாவகத் தீவில் ஐக்குமன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் காலோய்ந்து வீழ்வதையும், தவிடு கூட்டியவழி எழுந்து நடப்பதையும் 1890-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற் கண்டார். மக்களை வருத்திய பெரிபெரி என்னும் நோயும் இதனோடு ஒத்ததாதல் பின்னர்த் தெளிவாயிற்று. இதற்காக அவர்க்கு 1929-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. நம்மவர்க்கு இதனினும் நெருங்கிய சான்று மலேயா நாட்டில் உளது. ஆங்குத் தோட்டங்களில் உழைத்த தமிழர் புழுங்கலரிசி உண்டனர். சுரங்கங்களில் உழைத்த சீனர் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி உண்டனர். பெரிபெரி சீனரைக் கொள்ளை கொண்டது; தமிழரை அரிதாகவே தொட்டது. பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டைக் குறித்து 1907-இல் நூலெழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்பவர் 1905-இல் நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு வெள்ளைப் பச்சரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் இடுவித்துப் பார்த்தபோதும் முடிபு அதுவேயாயிற்று.

காரணம் எளிது. நெல்லை உமியோடு ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே சுவறுகின்றது. பின்னர்த் தீட்டினும் ஒரு பகுதி எஞ்சுகின்றது. நெற்புழுக்கிய நம் பாட்டியர் தயமின் என்னும் சொல்லைக் கேட்டறியார். நெல் உடையாது குத்துப்படும் என்பதும், சோறு குழையாது என்பதுமே அவர் கண்ட பயன். எனினும் ஒரு தலைமுறை முழுதும் கடல்கடந்த நாட்டில் அவர் கைம்முறையாற் பிழைத்தது.

இதனைக் கூறித் தமிழர் உணவே தலையாயது என்று முடிப்பார்க்கு மற்றொன்றும் கூறவேண்டியவராகின்றேம். குன்னூரில் ஆராய்ச்சி நிகழ்த்திய இராபர்ட்டு மக்காரிசன் என்பவர், இந்நாட்டுப் பல பகுதி மக்களின் உணவை எலிகட்கு ஊட்டி ஒப்பு நோக்கினார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி இவற்றையுடைய பஞ்சாபியர் உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியே மிக்க சென்னை மாகாணத்தார் உணவு கடைநின்றது. சோறு மலைபோலவும் கறி கடுகுபோலவும் இலையில் விளங்கும் வழக்கத்திற்குக் கிடைத்த தீர்ப்பு அது.

திருமடங்களின் நிலை இன்னும் ஒருபடி நுணுகி நோக்கற்பாலது. திருவமுதிற்குப் பச்சரிசியே கொள்ளும் மரபால் மடத்துப் பந்தியிலும் அதுவே மிகுகின்றது. முற்காலத்து அது கைக்குத்தற் பச்சரிசி. ஆகலின் தவிடு ஓரளவு நின்றது. இன்று ஆலையிற் பன்முறை தீட்டப்பட்டது. புழுக்கலால் வரும் காப்பும் இல்லை, தவிட்டால் வரும் காப்பும் இல்லை. பல காய்கறி உண்ணும் இக்காலத்துப் பெரிபெரி அருகிவிட்டமை உண்மை. அதன் இடத்தை நீரிழிவு பற்றிக்கொண்டது. இந்திய நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் அந்நோயுடையர் என 2023-இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. நார் நீங்கிய வெள்ளரிசி விரைவிற் செரித்துக் குருதியிற் சர்க்கரையை விரைந்து ஏற்றும். தவிடுள்ள அரிசி சற்றுத் தாழ்த்தே ஏற்றும். அவ்வளவே அதன் சிறப்பு. அது மருந்தன்று. கைக்குத்தலரிசியாயினும் மூன்று அகப்பை இட்டுக்கொள்வார்க்கு மூன்று அகப்பையின் பயனே விளையும். மருத்துவர் தந்த மருந்தை விடுத்துச் சிவப்பரிசியை நம்பியிருந்தார் ஒருவர் பட்ட துன்பத்தை யாம் நேரிற் கண்டேம். அத்தவற்றை எவரும் செய்யற்க.

எம் ஆற்றங்கரை அடுக்களையில் இன்றும் நல்லன பல எஞ்சியுள. கூட்டாஞ்சோறு என்பது அரிசி, துவரம்பருப்பு, கத்தரி, அவரை, முருங்கைக்கீரை முதலியவற்றை ஒரே கலத்திலிட்டு ஆக்குவது. காயை ஒதுக்கிச் சோற்றை மட்டும் உண்ண விழைவாரும் அதன்கண் ஒதுக்க மாட்டார். அதனைக் கண்ட அம்மையார் யாவராயினும் பிள்ளை வளர்த்துப் பழகியவராதல் வேண்டும். தொலியுளுந்தை அரிசியோடு வேகவைத்த உளுந்தஞ்சோறும் அதற்குத் துணையாகிய எள்ளுத் துவையலும் புலால் உண்ணாத நம்மவர்க்கு உடல்வலி தருவன. பூப்பெய்திய பெண்கட்கு உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெயோடு அளிக்கும் வழக்கம் இன்னும் அழிந்திலது. இரவெல்லாம் நீரிற் கிடந்து சிறிது புளித்த பழையது குடலுக்கு இதமானது. சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாது பருகுவதும் நன்று. நீரிற் கரைந்துபோன உயிர்ச்சத்து அதன்கண் உளது. மறுவீட்டு விருந்திற் படைக்கும் சொதி மிக இனியதே. ஆயினும் அது தேங்காய்ப்பாலால் ஆயது. விருந்திற்குரியது, நாடோறும் உரியதன்று.

உடன்குடிக் கருப்பட்டியைப் பற்றி எம் நாட்டார் கொண்ட பெருமிதம் சிறிதன்று. வெள்ளைச் சர்க்கரையினும் அது மேம்பட்டதே. ஆனால் நீரிழிவுடையார், "இது கருப்பட்டி, ஆதலாற் கேடில்லை" என்று காப்பியிற் கலந்து பருகுதல் தம்மைத் தாமே ஏமாற்றுதலாம். அதுவும் சர்க்கரையே. யாம் ஈராண்டு அங்ஙனம் ஏமாந்தேம். எம்மூர் அல்வாவைப் பற்றி ஒன்றுங் கூறாது விடுகின்றேம்; அதனை வெறுத்துரைக்க நா எழவில்லை, புகழ்ந்துரைக்க உடம்பு இடந்தரவில்லை.

உணவோடு ஒழுக்கமும் வேண்டும். வைகறைத் துயிலெழுதல், நீராடல், அனுட்டானம், திருக்கோயில் வலம்வருதல் ஆகிய சைவ நாட்கடன்கள் உடற்கும் உறுதியாதல் அறிந்து செய்யின் வேறு பயிற்சி நாடவேண்டியதில்லை. நெல்லையப்பர் கோயிலையும் காந்திமதியம்மை கோயிலையும் 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் எழுப்பிய சங்கிலி மண்டபம் இணைக்கின்றது. இரு கோயிற் பிரகாரங்களையும் மாலைதோறும் மும்முறை வலம்வருவார்க்கு மருத்துவர் கூறும் நடை தானே அமையும். யாம் இந்நாளில் வெறுங்காலால் நடத்தற்கு அஞ்சி, வலமுடிந்தவுடன் உள்ளங்காலைத் தடவிப் பார்த்துக்கொள்கின்றேம். உணர்வு குன்றிய காலுடையார் யாவரும் இதனைச் செய்க. ஆற்றுநீராடல் பாபநாசம் முதலிய மேலிடங்களில் இனிது. நகரின் கழிவுநீர் கலக்குமிடத்து மூழ்குதல் நலந்தருவதன்று. மரபு கருதி ஆண்டு மூழ்குவார் முதலில் ஆற்றைத் தூய்மை செய்ய முற்படுக. இப்பொருநைக் கரையிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தே தோன்றியவரே மாபாடியம் அருளிய சிவஞான முனிவர். அவர் மூழ்கிய நீரும் இதுவே என்று எண்ணுந்தோறும் நாணுகின்றேம்.

இவற்றையெல்லாம் முற்கூறிய திருமடத்தின் உக்கிராணத்தாரிடம் எடுத்துரைத்து, பந்திக்கேனும் கைக்குத்தலரிசி கொள்ளலாமோ என்று வினவினேம். திருவமுது பற்றி யாம் ஒன்றுங் கூறிலேம். அது சிவாசாரியர் ஆய்ந்து முடிபு செய்யற்பாலது. உக்கிராணத்தார் மூன்று தடை கூறினார். தவிடுள்ள அரிசி சில கிழமைகளிற் காறல் வாடை கொண்டு வண்டும் விழும் என்றார். அரிசியாக அடுக்காது நெல்லாகக் குலுக்கையில் வைத்து வாரந்தோறும் குத்துக என்றேம். வேக நேரமாகும், விறகு மிகும் என்றார். முன்னிரவே ஊறவைக்க என்றேம். நெடுந்தொலைவினின்று வந்த அடியார்க்குச் சிவந்த சோறு இடின் மடத்திற்கு வறுமை வந்ததோ என்று பேசுவர் என்பது மூன்றாவது. இதற்கு எம்மிடம் விடையில்லை. ஆயினும் வருங் குருபூசையில் விரும்புவார்க்கு மட்டும் ஒரு பந்தி அங்ஙனம் இட்டுப் பார்ப்பதற்கு அவர் இசைந்து, இரண்டு மூட்டைக் கார்நெல்லைத் தனியே எடுத்து வைத்துள்ளார்.